பல மானிகள், ஒரே ஏடு

மும்பை மாநகரில் வாழும் தமிழன்பர்களுக்கு 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தாராவியிலும் சயானிலும் குர்லாவிலும் இடுப்பளவு நீரில் வழி தேடி நடந்தவர்கள் அந்த மாலைப் பொழுதை இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். மறுநாள் காலை எட்டரை மணிக்குச் சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தார் தங்கள் மழைமானியைப் பார்த்து ஏட்டில் எழுதிய அளவு 944 மில்லிமீட்டர். அதே காலை, அதே எட்டரை மணிக்கு, அதே நகரின் தென்கோடியிலுள்ள கொலாபா நிலையத்தார் எழுதிய அளவோ 73 மில்லிமீட்டர். இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான்.

இவ்விரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டும் சரியே என்றுதான் விடை கூற வேண்டும். மழைமானி என்பது தான் நிற்கும் ஒரு சாண் இடத்திற்கு மட்டுமே சாட்சி. அடுத்த தெருவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கொலாபாவின் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு அன்றைய மும்பையைப் பற்றி ஒருவர் வரலாறு எழுதுவாராயின், அது ஒரு சாதாரண ஆடிமாத மழைநாள் என்றே எழுதியிருப்பார். பிற்பாடு மும்பை மாநகராட்சியார் நகரெங்கும், பெரும்பாலும் தீயணைப்பு நிலையங்களின் கூரைகள்மேல், தானே அளந்து தானே செய்தி அனுப்பும் மழைமானிகளை நிறுவியதற்கு அந்த இரண்டு எண்களுக்கு இடையே கிடந்த பள்ளமே காரணம்.

இன்று நடுத்தரக் குடும்பத்தார்கூட ஒரு சிறிய வானிலை நிலையத்தை வாங்கித் தம் வீட்டு மாடியில் வைத்துக்கொள்ள முடிகிறது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அறிய ஓர் உணரி, மழைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. அவை யாவும் கம்பியின்றியே பேச, அறைக்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டி அவற்றைக் கேட்டுத் தன் முகத்தில் எண்களாகக் காட்டுகிறது. சிதறி நிற்கும் மானிகள் பலவற்றை ஓர் ஏட்டிலே சேர்ப்பது என்னும் இந்த வேலை முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. அதன் கதையைத்தான் இன்று நாம் சொல்ல எண்ணுகிறோம்.

மழையை அளக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், களஞ்சியத்திலே ஒரு முழ அகலமுள்ள பாத்திரத்தை மழையளக்க வைக்கும்படி விதிக்கிறது. எந்த நாட்டுக்கு எத்தனை துரோணம் மழை என்றும் அந்நூல் கணக்குக் கூறுகிறது. வரி விதிப்பவனுக்கு மழைக்கணக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அக்காலத்தாரே உணர்ந்திருந்தனர். ஆனால் வெவ்வேறு வகையான அளவைகளை ஒரே காகிதத்தில் வரவழைக்க வேண்டும் என்ற ஆசை, நாம் அறிந்தவரையில், பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் உருவெடுத்தது. கிறிஸ்டஃபர் ரென் என்பார் முதலில் திட்டமிட, ராபர்ட் ஹூக் என்பார் 1679-இல் செய்து முடித்த ‘வானிலைக் கடிகாரம்’ காற்று, அழுத்தம், வெப்பம், ஈரம், மழை ஆகியவற்றைக் கால்மணி நேரத்திற்கு ஒருமுறை காகிதச் சுருளில் துளையிட்டுப் பதிந்தது. மழைக்காக அவர்கள் கண்ட உபாயம் சாயும் கிண்ணம். நிறைந்ததும் ஒருபுறம் சாய்ந்து நீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஏந்தும் அக்கிண்ணம், இன்றைக்கும் மாடிமேல் வைக்கும் மழைமானிகளுக்குள் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஏற்றமரம் போலச் சாயும் ஒரு தண்டின் இரு முனைகளிலும் இரு சிறு கிண்ணங்கள். ஒவ்வொரு சாய்வும் 0.2 மில்லிமீட்டர் மழைக்குச் சமம் என்று வைத்தால், சாந்தாக்ரூஸில் அந்நாள் அப்படியொரு கருவி நின்றிருப்பின் 4,720 முறை சாய்ந்திருக்க வேண்டும். உண்மையில் அத்தனை முறை சாய்ந்திராது. பெருமழையில் கிண்ணம் சாயும் அந்தக் கணத்திலேயே நீர் வீணாக வழிந்துவிடும். ஆதலால் இவ்வகை மானி பெருமழையைக் குறைத்தே சொல்லும்.

ஹூக் பல கருவிகளை ஓரிடத்தில் சேர்த்தார். பல இடங்களை ஒன்று சேர்த்தவர்கள் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தார். 1780-இல் அங்கே தோன்றிய வானிலைச் சங்கம் 39 நிலையங்களுக்கு ஒரே மாதிரியான கருவிகளை அனுப்பியது. காலை ஏழு, பிற்பகல் இரண்டு, இரவு ஒன்பது என்று ஒரே நேரங்களையும் வகுத்தது. கருவி ஒன்றாயிருக்க வேண்டும், நேரம் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற இரு விதிகளும் அன்று நிலைபெற்றன. குறை ஒன்றே ஒன்று: கடிதங்கள் மாதக்கணக்கில் வந்து சேர்ந்தன. புயல் அடித்து ஓய்ந்து, இடிந்த வீட்டைக் கட்டி முடித்த பிறகு, புயல் வரும் திசையை அறிந்து என்ன பயன்?

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் வானாய்வுக்கூடம் அமைத்தனர். அதன் நினைவாக நட்ட கருங்கல் தூணில் தமிழும் தெலுங்கும் பொறிக்கப்பட்டிருப்பதை, ஊருக்குப் போகும் அன்பர்கள் வாய்ப்புக் கிடைத்தால் பார்த்து வரலாம். விண்மீன்களைப் பார்க்க வைத்த அந்தக் கூடத்திலேயே 1796 முதல் வெப்பமும் அழுத்தமும் ஒழுங்காகக் குறித்து வைக்கப்பட்டன. கல்கத்தாவிலோ ஹென்றி பிடிங்டன் என்பவர், புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடிச் சேர்த்து, ஒரே புயலைப் பல கப்பல்கள் பல கோணங்களில் கண்டதை ஒப்பிட்டார். பாம்பு சுருண்டு கிடப்பதுபோல் காற்றும் சுருள்கிறது என்று கண்டு, 1848-இல் ‘சைக்லோன்’ என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர் அவரே. வங்காளத்தில் வாழும் நம்மவர்கள் இதில் சிறிது பெருமை கொள்ளலாம்.

ஆயினும் 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலை முன்னறிவிப்பார் ஒருவருமில்லை. ஹூக்ளி நதியிலே ஏறி வந்த கடல்நீர் பல்லாயிரவரை மாய்த்தது. அக்காலத்தில் இந்தியாவில் தந்திக் கம்பி இருந்தது. பாரமானிகளும் ஆங்காங்கே இருந்தன. கம்பியையும் மானியையும் இணைத்து, வரும் எண்களை ஒரு மேசைமேல் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடுதான் இல்லை. அடுத்த ஆண்டே, 1865-இல், கல்கத்தாத் துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. ஆனால் ஒவ்வொரு மாகாணமும் தன் தன் போக்கில் அளந்துகொண்டிருந்ததால், சென்னையின் எண்ணையும் பஞ்சாபின் எண்ணையும் ஒப்பிட இயலவில்லை. 1866-இலும் 1871-இலும் மழை பொய்த்த கொடுமைக்குப் பிறகு, 1875-இல் இந்திய வானிலைத் துறை உருவாயிற்று. அதன் பொறுப்பை ஏற்றவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இவர் முதலில் நிலவியலார். திருச்சிராப்பள்ளி, அரியலூர்ப் பகுதிகளின் பழம்பாறைகளை ஆராய்ந்து நூல் எழுதியவர். நம் ஊர்க் கரம்பையில் நடந்து திரிந்த கால்கள் என்பதால் அவரை நாம் சற்று நெருக்கமாகவே நினைக்கிறோம். 1864-ஆம் ஆண்டுப் புயலைப் பற்றிய அறிக்கையை எழுதிய இருவருள் அவரும் ஒருவர்.

பிளான்ஃபோர்டுக்குப் பின் வந்தவர்களில் ஒருவரை மட்டும் சொல்லி அப்பால் செல்வோம். 1904 முதல் 1924 வரை தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர் கணித மேதை. உலகின் பல மூலைகளிலிருந்து அழுத்தக் கணக்குகளைத் திரட்டி, பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்துமாக்கடலில் இறங்குகிறது என்ற ஊசலாட்டத்தைக் கண்டு சொன்னவர். 1913-இல் சென்னைக்கு வந்திருந்தபோது துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஓர் இளைஞரின் கணித ஏடுகளைக் காட்டினார்கள். பார்த்த வாக்கர், அவருக்கு உதவித்தொகை தர வேண்டுமென்று சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். அந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன்.

தந்தி நிலத்தோடு நின்றது. கடலின்மேல் என்ன நடக்கிறது, தலைக்கு மேல் பத்து மைல் உயரத்தில் என்ன நடக்கிறது என்பவற்றைக் கம்பி கொண்டுவர இயலாது. வானொலி அலை வந்த பிறகே கப்பல்கள் நடுக்கடலிலிருந்து பேசின. வானத்தைப் பொறுத்தவரை, ஆக்ராவில் 1914-இல் தொடங்கிய மேல்காற்று ஆய்வுநிலையத்தார் முதலில் வேறொரு வழியைக் கையாண்டனர். பலூனிலே சிறு பதிவுக் கருவியைக் கட்டிப் பறக்கவிடுவார்கள். பலூன் வெடித்துக் கருவி எங்கோ ஒரு கோதுமை வயலில் விழும். கண்டெடுத்துக் கொண்டுவந்து தருவோருக்கு வெகுமதி உண்டு. உழவர் ஒருவர் மனம் வைத்தால்தான் விஞ்ஞானத்திற்கு ஓர் எண் கிடைக்கும்! இப்படிக் கிடைத்த பதிவுகளை ஆராய்ந்தவர் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதன். பூமியின் மேலுள்ள காற்றில் மிகக் குளிர்ந்த பகுதி துருவங்களின்மேல் இல்லை. வெப்ப நாடுகளின் தலைக்கு மேலேயே, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில், வளையம்போல் கிடக்கிறது என்று 1929-இல் அவர் எழுதினார். வெயிலில் வாடும் நமக்கு நேர் மேலேதான் அத்தனை குளிரும் இருக்கிறது என்பது வேடிக்கைதான்.

அதே 1929-இல் பிரான்சில் ராபர்ட் பியூரோவும், அடுத்த ஆண்டு சோவியத் ரஷ்யாவில் பாவெல் மோல்ச்சனாஃபும், பலூனிலிருந்தபடியே வானொலி அலையில் அளவைகளைச் சொல்லும் கருவியை மேலே அனுப்பினர். ரேடியோசோண்டு என்று அதற்குப் பெயர். இங்கேதான் நம் மாடிமேல் உள்ள கருவியின் உண்மையான முன்னோனை நாம் சந்திக்கிறோம். அலை ஒன்று, சொல்ல வேண்டியவை மூன்று: அழுத்தம், வெப்பம், ஈரம். மூவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் விளங்காது. ஆகவே முறைபோட்டுக்கொண்டு பேச வேண்டும். நம் நாட்டிலே 1940-களில் புனேயில் உருவாக்கிய கருவியில், பலூன் மேலெழும் வேகத்தில் சுழலும் ஒரு விசிறியே முறை மாற்றும் வேலையைச் செய்தது. தில்லியில் உருவாக்கிய வகையில் கடிகாரப் பொறி அவ்வேலையைச் செய்தது.

புனேயின் கருவிப் பிரிவைப் பேசும்போது அன்னா மணி அம்மையாரைச் சொல்லாமல் விடுவது பிழையாகும். பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை எளிய மானிகளைக்கூட அயல்நாட்டிலிருந்தே வாங்கிவந்தோம். அம்மையார் ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை இங்கேயே செய்ய வழிசெய்தார். அளவையில் பிழை இருப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கொள்கை. மாடிமேல் மானி வைக்கும் எவரும் இந்தக் கொள்கையை முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது. நாம் அவ்வாறு கொள்ளாததன் பலனைப் பின்னர்க் கூறுவோம்.

மனிதரே இல்லாத இடத்தில் மானிகள் தாமாகப் பேசிய கதைகளில் ஒன்று விந்தையானது. 1943 அக்டோபர் 22 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, கனடாவின் லாப்ரடார்க் கரையில் இரகசியமாக ஒரு தானியங்கி வானிலை நிலையத்தை இறக்கி வைத்தது. பத்து உருளைகள், உள்ளே உணரிகளும் மின்கலங்களும் ஒலிபரப்பியும். எவரேனும் கண்டால் ஐயுறாதிருக்க, கனடா நாட்டு வானிலைத் துறையினுடையது என்று பொய்ப் பெயரும் எழுதி வைத்தனர். மூன்று மணிக்கொருமுறை பேசவேண்டிய அது நெடுநாள் பேசவில்லை. 1981-இல் ஆய்வாளர் சென்று அடையாளம் காணும் வரை அது எதிரியின் கருவி என்று கனடா நாட்டாருக்கே தெரியாது. இப்போது ஒட்டாவாவின் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் கரைகளில் இத்தகைய கருவிகளின் தேவை அதைவிட மிகுதி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டதையும், பாம்பனிலிருந்து சென்ற ரயில் பயணிகளோடு மூழ்கியதையும் நினைக்கும் முதியவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமையில் பல்லாயிரவர் மாண்டனர். அதன் பின், 1980-களில், இன்சாட் செயற்கைக்கோள் வழியே இயங்கும் எச்சரிக்கைக் கருவிகள் கரையோர ஊர்களில் வைக்கப்பட்டன. ஆபத்து நேரும் மாவட்டத்துக் கருவிகள் மட்டும் தாமே விழித்து, முதலில் சங்கொலி எழுப்பி, பிறகு அவ்வூரார் மொழியில் பேசின. மானிகளிலிருந்து வந்து சேர்ந்த எண்கள் தமிழிலே குரலாகித் திரும்பிச் சென்ற ஏற்பாடு அது.

இனி நம் மாடிக்கு ஏறுவோம். தில்லியில் நாம் வசிக்கும் வீட்டின் மேல், சென்ற சில ஆண்டுகளாக ஐந்து உணரிகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடையாள எண்ணை வைத்துக்கொண்டு, இத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று ஒரு நொடிப்பொழுது மட்டும் அலையில் பேசி மௌனமாகிவிடும். ஒன்று 39 விநாடிக்கு ஒருமுறையும் மற்றொன்று 41 விநாடிக்கு ஒருமுறையும் பேசுவதாகக் கொண்டால், இரண்டும் மீண்டும் ஒரே விநாடியில் மோதுவது 1,599 விநாடிகளுக்கு ஒருமுறைதான். புனேயின் விசிறி செய்த வேலையை இங்கே கணக்குச் செய்கிறது. ஒரே நிறுவனத்தின் உணரிகளாயின் அதன் பெட்டியே போதும். வெவ்வேறு நிறுவனத்தவையாயின் ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியாது. இந்தத் தடையைத் தகர்த்தது எதிர்பாராத ஒரு பொருள். கணினியில் செருகித் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று விற்ற மலிவான சிறு ஏற்பிகள், பலவகை அலைகளையும் அப்படியே கணினிக்குள் கொண்டுவரவல்லவை என்பது 2012 அளவில் பரவலாகத் தெரிந்தது. ஆர்வலர்கள் ஒவ்வோர் உணரியின் மொழியையும் அவிழ்த்து, அதற்கான நிரலை எல்லாருக்கும் இலவசமாகவே கொடுத்துவிட்டனர். இப்போது எந்த நிறுவனத்து உணரியும் ஒரே ஏட்டில் எழுதும்.

நாம் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறோம். முதல் பிழை, வெப்ப உணரியைச் சிமெண்டுத் தளத்தின்மேல் சுவரோரமாக வைத்தது. மே மாதத்தில் அது காற்றின் வெப்பத்தைக் காட்டவில்லை; சுட்ட சுவரின் வெப்பத்தைக் காட்டிற்று. கல்கத்தாப் புயலடித்த அதே 1864-இல் தாமஸ் ஸ்டீவன்சன் என்னும் கலங்கரை விளக்கப் பொறியாளர் வகுத்த வெள்ளைச் சட்டப்பலகைப் பெட்டி இதற்காகவே ஏற்பட்டது. வெயில் படக்கூடாது, காற்று மட்டும் நுழைய வேண்டும். இரண்டாம் பிழை இன்னும் நகைப்புக்குரியது. மின்கலம் மாற்றியபோது நம் பெட்டி, பக்கத்து வீட்டாரின் உணரியை நம்முடையது என்று எண்ணிப் பற்றிக்கொண்டது. மூன்று நாள் நாம் அயலார் மாடியின் வானிலையைக் குறித்துவைத்தோம்! அவர்கள் தம் உணரியைச் சமையலறைச் சன்னலில் மாட்டியிருந்தபடியால், மாலை ஆறு மணிக்குத் தில்லியில் நாள்தோறும் ஈரக்காற்று வீசுவதாக நாம் ஒரு கொள்கையே வகுக்கத் தொடங்கியிருந்தோம்.

மூன்றாவது, பாரமானி. அழுத்தம் வீட்டுக்கு உள்ளும் புறமும் ஒன்றே. ஆதலால் அது அறைப்பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஆனால் ஏறத்தாழ எட்டரை மீட்டர் உயரத்துக்கு ஓர் எக்டோபாஸ்கல் வீதம் அழுத்தம் குறையும். தில்லி கடல்மட்டத்துக்கு 216 மீட்டர் மேலே. பெங்களூர் 900 மீட்டருக்கும் மேலே. பெட்டிக்கு ஊரின் உயரத்தைச் சொல்லாவிட்டால் பெங்களூர் அன்பர்களின் பாரமானி ஆண்டு முழுவதும் பெரும்புயல் என்றே கதறிக்கொண்டிருக்கும்.

ஒற்றை மானியை நம்புவதன் ஆபத்து அரசு நிலையங்களுக்கும் உண்டு. 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர்த் தானியங்கி நிலையம் 52.9 பாகை வெப்பத்தைக் காட்டிற்று. செய்தி நாடெங்கும் பறந்தது. ஆனால் அன்று நகரின் மற்ற நிலையங்கள் 45.2 முதல் 49.1 வரையே காட்டியிருந்தன. வானிலைத் துறையார் செம்மையான கருவியொன்றைக் கொண்டுசென்று ஒப்பிட்டதில், அந்த உணரி மூன்று பாகை மிகுத்துச் சொல்வது வெளிப்பட்டது. சுற்றிலும் வேறு மானிகள் இருந்தமையால்தான் பொய் பிடிபட்டது. வேறு மானிகள் இல்லாத ஓரிடத்தில் அதே உணரி நின்றிருந்தால், இன்று அது சாதனை ஏட்டில் ஏறியிருக்கும்.

மாறாக, 2015 டிசம்பர் முதல் நாள் சென்னையில் பெய்த மழையில், தாம்பரம் 49 சென்டிமீட்டர், மீனம்பாக்கம் 35, நுங்கம்பாக்கம் 29 என்று மறுநாள் காலை ஏடு காட்டியபோது, ஒன்றும் பொய்யன்று. மூன்றும் மெய், மூன்றும் வேறு. அன்றிரவு தில்லியிலிருந்து நாம் தாம்பரத்திலுள்ள தமக்கையார் வீட்டுக்குத் தொலைபேசியில் எத்தனை முறை முயன்றோம் என்பதற்குக் கணக்கில்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சென்னையின் மழை என்று ஓர் எண்ணைக் கூறினர். அந்த எண் நுங்கம்பாக்கத்தினுடையது. தமக்கையார் தெருவில் நீர் எந்தப் படிவரை ஏறியிருக்கிறது என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை.

அதன் பின் அவர் வீட்டு மாடியில் ஒரு மழைமானி ஏறியது. மின்சாரம் போனாலும் பழுதில்லாத எளிய அளவைக் குழாய்தான். காலை எட்டரைக்குப் பார்த்து ஊற்றிவிட்டு, உடனே நம்மைக் கூப்பிடுவார். “ராத்திரி பூரா பெய்ததே, ஆறு சென்டிமீட்டர்தானா? உங்க தில்லியிலே என்னப்பா?” என்பார். ஐப்பசியில் இங்கே ஒரு சொட்டும் இராது. தாம்பரம் 62, தில்லி 0 என்று மில்லிமீட்டரில் இரண்டையும் அருகருகே ஒரே ஏட்டில் எழுதிக்கொண்டு, நாம் அலுவலகத்துக்குப் புறப்படுவோம்.